குமரி மாவட்டத் தொழில்களின் பழைய புகைப்படங்களும் அஞ்சலட்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துத் தொழிலிடங்களையும் தொழிலாளர் வீடுகளையும் காட்டும் பழைய புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேடிப் படியெடுத்து வருகிறேன். அசலை வீட்டாரிடமே விட்டுவிட்டுப் படியை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். வீடுகளுக்குச் செல்லும்போதும் தொலைபேசியில் பேசும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

குமரி மாவட்டத்தைத் தொழிற்பகுதி என்று சொல்ல முடியுமா? இங்கே பெரிய ஆலைகள் இல்லையே?

புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் நகரம் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் மணவாளக்குறிச்சியின் மணல் ஆலை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் அண்டி ஆபீஸ்கள் (முந்திரிக்கொட்டை ஆலைகள்), கடலோரக் கயிற்றுக் களங்கள், தோவாளை வட்டத்துச் செங்கல் சூளைகள், புத்தளம், தாமரைக்குளம் பகுதிகளின் உப்பளங்கள், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள், நாகர்கோவிலைச் சுற்றிய லேஸ் பின்னல், வடசேரித் தறிகள் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு தலைமுறைக்கு முன்பு கூலி வேலைக்குப் போகும் ஆள் இல்லாத வீடு அரிது. தொழில் ஒரே கூரையின் கீழ் திரளாமல் மாவட்டம் முழுவதும் சிதறிக் கிடந்ததால், அதன் படங்களும் சிதறியே கிடக்கின்றன.

இந்தத் தொழில்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு மணவாளக்குறிச்சியே சான்று. அன்று குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், 1909இல் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். மோனசைட்டிலிருந்து எடுக்கப்பட்ட தோரியம், அக்காலத்தில் ஐரோப்பிய வீடுகளிலும் தெருக்களிலும் எரிந்த வாயு விளக்குகளின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. விரைவில் இங்கே மணல் பிரிக்கும் ஆலை வந்தது. பின்னாளில் அது 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கதம்பலை (தேங்காய் மட்டையை) ஊறவைத்து அடித்துத் தும்பாக்கி ராட்டில் திரித்த பெண்களின் கயிறு வழியாகவே அந்த மணல் உலகத்துக்குத் தெரியவந்தது. எனவே கயிற்றுக் களத்தின் படத்தையும் மணல் ஆலையின் படத்தையும் ஒரே தொகுப்பில்தான் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்யாணப் படங்கள்தான் இருக்கின்றன. அவை உங்களுக்குப் பயன்படுமா?

மிகவும் பயன்படும். தொழிலிடத்தில் தொழிலாளி தனக்காக எடுத்துக்கொண்ட படம் என்பது 1980களுக்கு முன் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். படப்பெட்டி மேலாளரிடமோ பாதிரியாரிடமோ ஸ்டூடியோக்காரரிடமோதான் இருந்தது. ஆகவே உழைப்பின் தடயத்தைப் படத்தின் ஓரங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. முற்றத்தில் எடுத்த கல்யாணப் படத்தின் பின்னணியில் கொடியில் காயும் ரப்பர் ஷீட், திண்ணையில் சாய்த்து வைத்த பனையேறியின் முறுக்குத்தடி, வேலியில் உலரும் வலை, சுவரோரம் குவிந்த கதம்பல் ஆகியவற்றை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மணமக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

கைகளையும் பாருங்கள். அண்டி ஆபீஸில் வறுத்த கொட்டையை மரக்கட்டையால் தட்டி உடைக்கும்போது தெறிக்கும் ஓட்டெண்ணெய் தோலைப் பொசுக்கும்; அதற்காகச் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்துவிடும். ஸ்டூடியோவில் முகத்துக்குப் பவுடர் பூசி, இரவல் நகை அணிந்து அமர்ந்திருக்கும் இளம்பெண் விரல்களை முந்தானைக்குள் மறைத்திருப்பதைச் சில படங்களில் பார்த்தேன். அதை நாணம் என்று எண்ணியிருந்த என்னைத் திருத்தியவர், அதே போல் கையை மறைத்து அமர்ந்த ஒரு மூதாட்டிதான்.

நிறுவன அடையாள அட்டைக்காக எடுத்த அஞ்சல்தலை அளவுப் படம், சங்கக் கூட்டத்தின் குழுப்படம், பணி ஓய்வு நாளில் மாலையுடன் எடுத்த படம், கொழும்பிலிருந்தோ மலைத் தோட்டங்களிலிருந்தோ வந்த அஞ்சலட்டை ஆகிய எல்லாம் வேண்டும். மங்கலாக இருக்கிறது என்று எதையும் ஒதுக்க வேண்டாம்.

படத்தின் பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை. காலத்தை எப்படிக் கணிப்பது?

படத்துக்குள் தெரியும் பொருள்களிலிருந்து தொடங்குவது நல்லது. நாகர்கோவில் மணிமேடை 1893இல் கட்டி முடிந்தது. அது தெரிந்தால் படம் அதற்குப் பிந்தையது. பேச்சிப்பாறை அணையின் வேலை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. சுவர் பாதி எழும்பிய நிலையில் ஒரு படம் கிடைத்தால் அது அந்த இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்தது. கன்னியாகுமரிக் கடலோரத்தைக் காட்டும் படங்களில் விவேகானந்தர் மண்டபம் 1970இல் திறக்கப்பட்டதையும், திருவள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்டதையும் நினைவில் வைத்துக்கொண்டால் கட்டுமர மீனவர்களின் பல படங்களை எளிதில் வரிசைப்படுத்திவிடலாம். மாவட்டத்துக்கு ரயில் 1979இல்தான் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. திருநெல்வேலி இணைப்பு 1981இல் கிடைத்தது. ஆகவே, "தாத்தா நாகர்கோவில் ரயில் நிலையத்தில், 1965" என்று யாராவது எழுதி வைத்திருந்தால், ஊர் தவறு அல்லது ஆண்டு தவறு.

பேருந்துகள் நல்ல சாட்சிகள். குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயரால் ஓடிய போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் 1980களுக்கும் 1990களுக்கும் உரியவை. 1997இல் தமிழகம் முழுவதும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. வாகனப் பலகையில் டிஎன் 74 அல்லது டிஎன் 75 என்று இருந்தால் படம் 1980களின் இறுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது.

கடைப் பலகைகளின் மொழியையும் கவனிக்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகை மலையாளத்தில் இருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தனியார் கடைகளுக்கு இந்த அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது. எல்லையோர ஊர்களில் இருமொழிப் பலகைகள் இன்றும் உண்டு.

தாளும் பேசும். மெல்லிய தாளில் பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட படம், முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சான 19ஆம் நூற்றாண்டுப் படமாக இருக்கக்கூடும். கறுப்பு வெள்ளைப் படத்தின் இருண்ட ஓரங்களில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிபோல் நீலப் பளபளப்புத் தெரிவது, படத்திலுள்ள வெள்ளி மேலே வந்துவிட்டதைக் காட்டும், அது பழமையின் அடையாளம், அழுக்கு அன்று, துடைக்காதீர்கள். செம்மை படர்ந்து, நீலமும் பச்சையும் வெளிறிய வண்ணப் படங்கள் பெரும்பாலும் 1970களையும் 1980களின் தொடக்கத்தையும் சேர்ந்தவை.

எல்லோருடைய சேலை முந்தானையும் வலத் தோளில் கிடந்தால் அவசரப்பட்டு அதை வட்டார வழக்கம் என்று எழுதிவிட வேண்டாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கலாம். சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், பலகை எழுத்து ஆகியவற்றை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பின்புறம் "1118 தை" என்று எழுதியிருக்கிறது. இது என்ன ஆண்டு?

கொல்லம் ஆண்டு. தென் திருவிதாங்கூர்த் தமிழர் வீடுகளில் பத்திரம் முதல் பிள்ளை பிறந்த நாள் வரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையுள்ள நாளானால் 824ஐயும், அதற்குப் பிந்தைய நாளானால் 825ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் படம் 1943 சனவரி அல்லது பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. முதியவர்கள் சொல்லும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" கொல்லம் 1099 ஆடியில் வந்த வெள்ளம், அதாவது 1924 சூலை. "அந்த வெள்ளத்துக்கு மறுவருஷம் எடுத்த படம்" என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தி எழுதி வையுங்கள். பலருடைய நினைவில் அதுவே நாட்காட்டி.

சங்கு முத்திரை கொண்ட பழைய அட்டை ஒன்று கிடைத்தது. அது எந்த நாட்டு அட்டை?

நம் நாட்டு அட்டைதான். திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் அமைப்பு இருந்தது. அதற்கு அஞ்சல் என்றே பெயர். 1888 முதல் சங்கு பொறித்த அஞ்சல்தலைகளை அது வெளியிட்டது. விலை சக்கரத்திலும் காசிலும் குறிக்கப்பட்டது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1951 ஏப்ரல் 1ஆம் நாள் இந்த அமைப்பு இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. ஆகவே சங்கு அட்டை 1951க்கு முந்தையது.

இந்திய அரசின் அட்டைகளுக்கும் இதேபோன்ற குறிகள் உண்டு. முதல் இந்திய அஞ்சலட்டை 1879இல் காலணா விலையில் வந்தது. "நயா பைசா" என்ற சொல் அச்சாகியிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தையது. தேதி முத்திரை அழிந்துபோன அட்டைகளில் இந்த மூன்றும் பலமுறை கைகொடுத்துள்ளன.

அத்தையின் படத்துக்குப் பின்னால் அஞ்சலட்டைபோல் நடுக்கோடு அச்சாகியிருக்கிறது. ஆனால் அது அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. ஏன்?

ஸ்டூடியோக்கள் அஞ்சலட்டைப் பின்புறம் அச்சிட்ட புகைப்படத் தாளையே வாங்கிப் பயன்படுத்தின. ஏறக்குறைய ஐந்தரைக்கு மூன்றரை அங்குலம். வேண்டுபவர் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பலாம், வேண்டாதவர் சட்டத்தில் மாட்டலாம். வேலைக்காக வெளியூர் போனவர்கள் "நான் நலம்" என்பதற்குச் சான்றாக இப்படி ஒன்றை எடுத்து, பெரும்பாலும் உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். எனவே முத்திரை இராது. முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்திக்கும் இடம் தரும் முறை பிரிட்டனில் 1902இல் வந்தது; பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின. நடுக்கோடு இருப்பதால் உங்கள் படம் அதற்குப் பிந்தையது.

வெளிநாட்டில் அச்சான அட்டைகளின் தலைப்பை நம்பலாமா?

நம்பக் கூடாது, அழிக்கவும் கூடாது. அந்த அட்டைகளில் மனிதர்கள் பெயரில்லாமல், சாதிப் பெயராலோ தொழிலின் பெயராலோ, காட்சிப் பொருள்போல் குறிக்கப்பட்டிருப்பார்கள். என் பதிவேட்டில் அச்சான தலைப்பை எழுத்து மாறாமல் மேற்கோள் குறிக்குள் ஒரு கட்டத்தில் எழுதுகிறேன். படத்தில் உண்மையாகத் தெரிவதை அடுத்த கட்டத்தில் எழுதுகிறேன்.

பனையேறிகளின் அட்டைகள்தாம் இதில் மிகவும் தவறாகப் படிக்கப்படுபவை. பனையில் ஏறும் எவரையும் கள் இறக்குபவர் என்று தலைப்பிட்டுவிடுவார்கள். அகஸ்தீஸ்வரம், கல்குளம் பகுதிப் பனையேறிகளில் மிகப் பலர் இறக்கியது அக்கானி, அதாவது பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது. கலயத்தின் விளிம்பில் வெண்மை தெரிகிறதா, பின்னால் புகையும் விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) இருக்கிறதா, அருகில் ஒரு பெண் அகன்ற சட்டியில் கிண்டிக்கொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் அது கருப்பட்டி காய்ச்சும் குடும்பத்தின் படம். ஏறியவனுக்குத் தலைப்பில் இடம் உண்டு. விடிய விடிய அடுப்பருகில் நின்றவளுக்கு இல்லை. இந்தக் குறை எனக்கு மிகவும் உறுத்துவதால், இத்தகைய படங்களில் பெண் செய்யும் வேலையையே முதலில் எழுதுகிறேன்.

லேஸ் பின்னும் பெண்களின் பழைய படங்கள் எங்கே கிடைக்கும்?

நாகர்கோவிலில் லேஸ் பின்னல் 1820களில் லண்டன் மிஷன் பள்ளிகளில் தொடங்கியது. மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு அதைக் கற்பித்தார். பின்னலில் கிடைத்த கூலி அவர்களுடைய படிப்புக்கும், பல குடும்பங்கள் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெறவும் உதவியது. மேலாடை அணிய நாடார் பெண்களுக்கு அரசாணை 1859இல்தான் கிடைத்தது என்பதை நினைத்துக்கொண்டு, கழுத்து வரை மூடிய ரவிக்கையுடன் பின்னல் தலையணையைச் சுற்றி அமர்ந்திருக்கும் பெண்களின் படத்தைப் பார்த்தால், அதன் பொருள் வேறாகும்.

லண்டன் மிஷனின் கடிதங்களும் படங்களும் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் நீண்ட காலம் பணியாற்றிய நெய்யூர் மருத்துவமனையும் அதே மிஷனைச் சேர்ந்தது. ஆனால் அங்கே தேடுமுன் உங்கள் சபையின் பழைய அலமாரியைப் பாருங்கள். நூற்றாண்டு விழா மலர்களில் அச்சான படங்களின் அசல்கள் பல இன்னும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

எங்கள் ஊர் உப்புக் காற்றில் படங்கள் பூஞ்சணம் பிடிக்கின்றன. எப்படிக் காப்பது?

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று ஆண்டுக்கு இரு முறை நனையும் மாவட்டம் இது; கடற்கரையூர்களில் உப்பும் சேர்கிறது. தரையில் வைத்த டிரங்குப் பெட்டி ஈரத்தை இழுக்கும்; ஓட்டுக்கு அடியிலுள்ள மச்சு கொதிக்கும்; அடுக்களைப் புகை படியும். வீட்டின் உட்சுவரோரம், இடுப்பு உயரத்தில் உள்ள மர அலமாரித் தட்டே இருப்பதில் நல்ல இடம். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும்; மாற்றாத பொட்டலத்தால் பயனில்லை. அந்துருண்டை படத்தைத் தொடக் கூடாது.

பூஞ்சணம் தெரிந்தால், வெயிலடிக்கும் உலர்ந்த நாளில் நிழலில் பரப்பி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, ஸ்பிரிட், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். பசைத் தாளில் படத்தை ஒட்டிப் பிளாஸ்டிக் தாளால் மூடும் ஆல்பங்கள் 1980களில் எல்லா வீடுகளிலும் நுழைந்தன. படங்களை அதிகமாகக் கெடுத்தவை அவைதாம். எளிதில் பிரிந்து வந்தால் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு படியெடுத்து அப்படியே விடுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் உரிக்கக் கூடாது. நெகட்டிவ் சுருளில் காடி வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைப் படியெடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படங்களைக் காப்பாற்ற முடியுமா?

நனைந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் என்றால் பெரும்பாலும் முடியும். ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, படப்பகுதியைத் தொடாமல், முகம் மேலிருக்க நிழலில் உலர்த்த வேண்டும். உடனே நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையிலிட்டு ஃபிரீசரில் வைக்கலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் பல குடும்பங்களிடம் இறந்தவர்களின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. வெளியூர் உறவினரின் கல்யாண ஆல்பங்களில் தேடித்தான் சிலருக்கு முகங்கள் திரும்பக் கிடைத்தன. உங்கள் ஆல்பத்தின் படி ஒன்றைக் கடலுக்குத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது எந்த அளவில் செய்ய வேண்டும்?

அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), அஞ்சல்தலை அளவுப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளையானாலும் வண்ண முறையிலேயே செய்து, டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தையும் தவறாமல் செய்யுங்கள். முகத்தைப் பளிச்சிடச் செய்யும் செயலிகளை மூலப்படியில் பயன்படுத்த வேண்டாம். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்துவிடுகின்றன.

படங்களைப் பொதுவில் பகிரச் சட்டம் இடம் தருகிறதா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, முன்பு புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருந்தது; 2012 திருத்தத்துக்குப் பின், படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் சட்டம் அனுமதித்தாலும், படத்தில் இருப்பவரையோ அவர் பிள்ளைகளையோ கேட்காமல் நான் எதையும் வெளியிடுவதில்லை. வறுமை தெரியும் படம் என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும்.

படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்ட வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. இனி அதை வைத்திருந்து என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நான் கேட்கும் உதவி ஒன்றுதான்: தூக்கி எறிய வேண்டாம். அந்தப் படத்தில் இருந்தவர்களோடு வேலை செய்தவர்கள் அடுத்த தெருவில் இருக்கக்கூடும்.

முதியவரிடம் படத்தைக் கொடுத்து "இது யார்?" என்று நேரே கேட்டால், பெயர் வராதபோது அவர் வருந்திப் பேச்சை நிறுத்திவிடுவார். "இந்தப் பெட்டி எதற்கு? இந்த மணி அடித்தால் எங்கே போவீர்கள்? உடைப்பில் இருந்தவர் யார், தோலுரிப்பில் இருந்தவர் யார்?" என்று வேலையைக் கேளுங்கள். கை வேலையை நினைத்ததும் பெயர் தானாக வரும். சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "கொல்லாங்கொட்டை" என்றால் அதை "முந்திரி" என்று மாற்ற வேண்டாம். படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், வேலை, சொன்னவர், சொன்ன நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதித்துவிடும்.

கருங்கலுக்கு அருகில் ஒரு வீட்டில், அண்டி ஆபீஸ் வாசலில் எடுத்த குழுப்படம் ஒன்று கிடைத்தது. பதினொரு பெண்கள், பின்புறம் வெறுமை. படியெடுத்து, கோவில் கொடைக்கும் சபைத் திருவிழாவுக்கும் கொண்டுபோய்க் காட்டி, நான்கு ஆண்டுகளில் ஏழு பெயர்களைப் பெற்றேன். ஏழாவது பெயரைச் சொன்னவர், படத்திலுள்ளவரின் மகள்; தன் தாயை அந்த வயதில் அவர் பார்த்ததே இல்லை; மூக்குத்தியைக் கண்டுதான் அடையாளம் சொன்னார். மீதி நால்வர் பின்வரிசையில் நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது பெண்ணின் கையில் ஒரு தூக்குவாளி இருக்கிறது, கடைசிப் பெண் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். பதிவேட்டில் அவர்கள் நால்வருக்கும் எதிரே பெயருக்கான கோட்டைப் போட்டு, இடம் விட்டிருக்கிறேன்.